குடிக்கவா, கொட்டவா

ஆல்டர் ஃபால்ஸில் வெர்னன் டீட்ஸுக்கென்று தனியாக இருந்த ஒரே சொத்து அவருடைய மூக்கு. மற்றதெல்லாம் அந்த ஊரில் எல்லோருக்கும் இருந்தவைதான். காகித ஆலையில் வேலை, ஒரு பழைய பிக்கப் வண்டி, பனி அள்ளும் மண்வெட்டி, தூரத்து ஊரில் இருந்துகொண்டு பண்டிகைக்கு மட்டும் கூப்பிடும் ஒரு மகள். மூக்கு மட்டும் வேறு. யாராவது வீட்டில் காய்ச்சிய பீரைக் கோப்பையில் நீட்டினால், வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே, "பானைய மூடி வச்சுக் கொதிக்க விட்டியா?" என்பார். விட்டிருப்பான்; மூடிக் கொதித்த பீரில் வெந்த சோள வாடை வரும். "குழாயச் சரியாக் கழுவல நீ" என்பார். கழுவியிருக்க மாட்டான்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் அங்கே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடும். இடம், பந்து உருட்டி விளையாடும் கூடத்தின் பின்னறை. வெளியே பந்து பட்டுக் கட்டைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டபடி இருக்கும். மேஜையில் பொரித்த சீஸ் துண்டுகள். ஒவ்வொருவரும் தன் பாட்டிலைப் பழுப்புக் காகிதப் பையில் சுற்றி, ஊற்றித் தருகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். எது யாருடையது என்று ஊற்றுகிறவருக்கு மட்டும் தெரியும். சுவரோரம் கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவர் குடித்துப் பார்த்து, குறை என்ன என்று சொல்லி, கடைசியில் "குடிக்கலாம்" அல்லது "கொட்டலாம்" என்று தீர்ப்பு தருவார். கொட்டலாம் என்றால் அவரே எழுந்து, மீதியை மூலையிலிருக்கும் தொட்டியில் ஊற்றுவார். அதன்பிறகு அதைக் காய்ச்சியவர் எழுந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக அந்த நாற்காலியை விட்டு இறங்காதவர் வெர்னன்.

அவர் சொன்னது தப்பானதே இல்லை. அதுதான் தாங்க முடியாத விஷயம். தப்பாகச் சொல்கிறவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். சரியாகச் சொல்லிக்கொண்டு, சொல்லும்போது ருசித்துச் சொல்கிறவனை என்ன செய்வது?

மார்லிஸ் ஸ்டெங்கல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். புருஷன் அவளை விட்டுப் போன குளிர்காலத்தில், வீட்டில் சும்மா உட்கார்ந்து அழ வேண்டாமே என்று பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டாள். முதல் பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றி, சர்ச்சுக்குப் போகிறவள் மாதிரி நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். வெர்னன் கோப்பையை மூக்கருகே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"மக்காச்சோளத்த வேக வச்சு, சோளத்தத் தின்னுட்டு தண்ணிய மட்டும் நமக்குக் குடுத்திருக்காங்க," என்றார். அறை சிரித்தது. "மூடி போட்டுக் காய்ச்சின ஆசாமி யாரோ, அவங்க வீட்ல எல்லாத்தையும் மூடித்தான் வைப்பாங்க போல. இத நாய்க்குக் கூட வைக்காதீங்க, நாய் நம்மள மதிக்காது. கொட்டலாம்."

கொட்டினார். மெதுவாக, கடைசிச் சொட்டு வரை, பாட்டிலைத் தட்டித் தட்டிக் கொட்டினார். மார்லிஸ் எழுந்து நின்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு சரியாக வரவில்லை. கைதட்டல் முடியும் வரை நின்றுவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவி லவோனிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார் வெர்னன். அவள் சிரிக்கவில்லை.

"உண்மையத்தானே சொன்னேன்," என்றார் அவர்.

"உண்மையத்தான் சொன்னே. அதுல உனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?"

வெர்னன் கோட்டைக் கழற்றி மாட்டப் போனார். பதில் தேடவில்லை.

அடுத்த வருஷம் லவோனுக்கு நோய் வந்தது. சிகிச்சை ஆரம்பித்ததிலிருந்து, பார்லி கொதிக்கும் வாடை வந்தாலே அவளுக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கே பானைகளைக் கழுவி, குழாய்களைச் சுருட்டி, நிலவறை மூலையில் போட்டு ஒரு தார்ப்பாயால் மூடினார் வெர்னன். ஒரு முணுமுணுப்பு இல்லை. சங்கத்துக்கும் போகவில்லை. இதை அவருக்குச் சாதகமாகச் சொல்லத்தான் வேண்டும், மனுஷர் அவளைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். பல வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து லவோன் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷமே அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது.

முதலில் சளி என்று நினைத்தார். பிறகு காப்பித் தூள் டப்பாவில் மூக்கை நுழைத்துப் பார்த்தார். பெட்ரோல், பூண்டு, லவோனின் தலையணை, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்," என்றார் டாக்டர், பஸ் வருமா வராதா என்று சொல்கிற தொனியில். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு தெரிந்தது. அவ்வளவுதான் மிச்சம். வெர்னன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மகளிடம் கூட.

ஞாயிற்றுக்கிழமைகள் அவரைக் கொன்றன. ஒரு நாள் மளிகைக் கடையில் கிப் யான்கே எதிரே வந்தான். குழாய் ரிப்பேர் செய்கிறவன், சங்கத்துப் பழைய ஆள், வெர்னனுக்குப் பத்து வயது சின்னவன்.

"நாற்காலி காலியாத்தான் கிடக்கு வெர்ன்," என்றான். "ஆளாளுக்கு உட்காந்து பாத்தோம். எல்லாரும் எல்லாத்தையும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னு சொல்றாங்க. சப்புன்னு போச்சு. வாயேன்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை, மூக்கு போய்விட்டது, ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மூக்கில்லாத வெர்னனை யார் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. போனார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: கோப்பையைச் சுழற்றுவார், வெளிச்சத்தில் பிடிப்பார், நுரையை உற்றுப் பார்ப்பார். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் குடித்துவிடுவார்கள். அவர் கண் கோப்பையில் இருப்பது போலிருக்கும், ஆனால் இருப்பது அவர்கள் முகத்தில். கெட்டது வாய்க்குள் போனால் கிப்பின் இடது புருவம் ஏறும். மார்லிஸ் உதட்டை உள்ளே மடிப்பாள். நல்லது என்றால் கிப் இரண்டாம் வாய் குடிப்பான், மார்லிஸ் கண்ணை மூடுவாள். மற்ற ஏழெட்டுப் பேருக்கும் இப்படி ஒவ்வொரு அடையாளம். அதைப் படித்துவிட்டு வெர்னன் வாயைத் திறப்பார். முகங்கள் நல்லதா கெட்டதா என்றுதான் சொல்லும், என்ன குறை என்று சொல்லாது. அந்த இடைவெளியை வார்த்தையால் நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் வார்த்தை முன்பைவிடக் கூர்மையானது. முன்பு மூக்கு சொன்னதை வாய் சொன்னது. இப்போது வாய் தனிக்கடை போட்டுவிட்டது.

சங்கத்துக்கு ஒரே குஷி. பழைய வெர்னன் வந்துவிட்டார் என்றார்கள்.

அக்டோபர் கூட்டத்துக்கு வரும் வழியில் அவர் வண்டி ஒரு ஸ்கங்க் மேல் ஏறியது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அந்தப் பிராணி வாலைத் தூக்கிப் பீச்சினால் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். வெர்னன் இறங்கி, டயரில் மாட்டியிருந்ததைக் கையுறையோடு பிடித்து இழுத்து எறிந்தார். அது பீச்சுவதற்குள் செத்திருக்கும் என்று நினைத்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். பின்னறைக்குள் நுழைந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அறையில் திடீரென்று பேச்சு நின்றது. கிப் சீஸைத் தட்டிலேயே வைத்தான். ஒருத்தர் கண்ணில் தண்ணீர் வந்தது. தன் மேல் இருக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார் வெர்னன்.

முதல் கோப்பை வந்தது. சுற்றிலும் முகங்கள் சுளித்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் மூக்கருகே பிடித்து, நன்றாக இழுத்தார்.

"வெயில்ல வச்சிருக்காங்க பாட்டில," என்றார். வெயில் பட்ட பீரில் லேசாக ஸ்கங்க் நாற்றம் வரும், அது எல்லாக் காய்ச்சுகிறவர்களும் அறிந்தது. "ஒரு துளிதான். உங்க மூக்குக்கெல்லாம் எட்டாது. எனக்குத் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. மார்லிஸ் மட்டும் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, அவரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மிகவும் அன்பாக, "எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறியோ வெர்னன்," என்றாள்.

மறுநாள் பெட்ரோல் நிலையத்துப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவர் மேல் ஸ்கங்க் நாறுவதைச் சொன்னாள். வெர்னன் கோட்டை முகர்ந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கூட்டம் முடிந்து திரும்பும்போதும் வண்டி எதன் மேலோ ஏறிக் குலுங்கியது ஞாபகம் வந்தது. நாற்றம் அப்போது வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். தனக்கு வேண்டியதை நம்புவதற்கு மனிதனுக்கு மூக்கு தேவையில்லை.

நவம்பரில் அவர் தார்ப்பாயை விலக்கினார். மற்றவன் பீரைப் பழித்துக்கொண்டே எத்தனை நாள் இருப்பது? கை இன்னும் இருக்கிறதே. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு லவோனுக்காகக் காய்ச்சிய பழுப்பு பீர், அதன் அளவுகளெல்லாம் மனப்பாடம். பானையை மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்தார், குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார். பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டு, வடித்து, கொதிக்க வைத்தார்.

ஆவி முகத்தில் அடித்தது. அந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் இத்தனையும் செய்தார். ரொட்டியும் தேனும் வறுத்த கொட்டையும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசனை, அதுவாவது மண்டைக்குள் ஏதாவது ஒரு கதவைத் திறக்கும் என்று நம்பினார். முகம் நனைந்தது, சூடாக இருந்தது, அவ்வளவுதான். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார், பிசுபிசுவென்று ஒட்டியது. பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெகுகாலம் கழித்து அன்றைக்குத்தான் அழுகை வந்தது, லவோனுக்கும் சேர்த்து.

பீர் நுரைத்து, அடங்கி, தெளிந்து, பாட்டிலுக்குப் போனது. குடித்துப் பார்த்தார். குளிர்ச்சி, கொஞ்சம் இனிப்பு, பின்னால் கசப்பு. நல்லதா? தெரியவில்லை. நாய்க்குக் கூட வைக்கக்கூடாததா? அதுவும் தெரியவில்லை. யாரிடமாவது கொடுத்துக் கேட்கலாம். "ஏன், உனக்கே தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டால்? வழி ஒன்றுதான். காகிதப் பையில் சுற்றி மேஜைக்கு அனுப்பிவிட்டு, அந்த முகங்களைப் பார்ப்பது. முகங்கள் அவரிடம் பொய் சொன்னதில்லை.

பிப்ரவரி ஞாயிறு. வெளியே முழங்கால் உயரப் பனி. அந்த வருஷம் ஊற்றித் தருகிற முறை மார்லிஸுடையது. வெர்னன் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"அட, மறுபடி காய்ச்ச ஆரம்பிச்சிட்டியா?" என்றாள்.

"சத்தமாச் சொல்லாத. சும்மா ஒரு ஆசை."

"என்ன ரகம்?"

"பழுப்பு. லவோனுக்குப் பிடிச்சது."

"எனக்குத் தெரியும் அது," என்றாள் மார்லிஸ். "ஒரு கிறிஸ்துமஸுக்கு அவ எனக்கு ஒண்ணு குடுத்தா."

முதல் இரண்டு சுற்று சாதாரணமாகப் போயின. மூன்றாவது பழுப்பு. வெர்னன் கோப்பையை எடுத்தார். சுழற்றினார், வெளிச்சத்தில் பிடித்தார், கண்ணை உயர்த்தினார். கிப் குடித்தான். இரண்டாம் வாய் குடித்தான். மார்லிஸ் கண்ணை மூடினாள். மேஜையைச் சுற்றி முகங்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. கையும் போகவில்லை, லவோனும் போகவில்லை என்று வெர்னனுக்குத் தோன்றியது.

"இது..." என்றார். "இதக் காய்ச்சினவங்க வேலை தெரிஞ்சவங்க. சுத்தம். ஒரு குறை இல்ல. ரொட்டி வாசம், தேன் வாசம். நான் இந்த நாற்காலில உட்காந்து குடிச்சதுலயே இதான் உசத்தி. குடிக்கலாம்."

எழுந்து நிற்பது கொட்டின பீருக்கு மட்டும்தான், நல்ல பீருக்கு இல்லை. அதனால் யாரும் எழவில்லை. வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவதும் பழுப்பு. கிப்பின் இடது புருவம் ஏறியது. மார்லிஸ் உதட்டை உள்ளே மடித்தாள். ஒருத்தர் இருமினார், ஒருத்தர் கோப்பையைத் தள்ளி வைத்தார். வெர்னனுக்கு உற்சாகம் பொங்கியது. தன்னுடையது கரை சேர்ந்துவிட்டது, இனி என்ன கவலை?

"ஐயோ பாவம்," என்று ஆரம்பித்தார். "ஈரச் சாக்குல எலி செத்துக் கிடக்கு. எவனோ பெருசு, கை நடுங்கற வயசுல ஆசை விடல. பானையக் கழுவவே இல்ல. பெண்டாட்டி இருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா, இல்லாததால காய்ச்சியிருக்கான். கொட்டலாம்."

யாரும் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. எழுந்தார், பாட்டிலை வாங்கினார், தொட்டியில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரை தட்டித் தட்டிக் கொட்டினார்.

"சரி, யாரு? எழுந்திரிங்க."

யாரும் எழவில்லை. வெளியே கட்டைகள் சரிந்து விழுந்தன.

"நீ நின்னுக்கிட்டுத்தான் இருக்க வெர்னன்," என்றாள் மார்லிஸ்.

அவர் கையிலிருந்த பாட்டிலின் பையை உருவினார். பச்சை மூடி தொங்கும் பழைய பாட்டில், அவர் வீட்டுப் பாட்டில்.

"இதுக்கு முன்னாடி குடிச்ச பழுப்பு என்னோடது," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "மூடி போட்டுத்தான் காய்ச்சினேன். வேணும்னே, உன்னச் சோதிக்க. எதுக்கு எந்த முகம் காட்டணும்னு இவங்ககிட்டயும் சொல்லி வச்சேன். சோளத் தண்ணி. இவங்க எல்லாரும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு முழுங்கினாங்க, உனக்காக. ரொட்டி வாசம், தேன் வாசம். நல்லாச் சொன்ன." பிறகு கைதட்ட ஆரம்பித்தாள். வழக்கம் அதுதானே. மற்றவர்களும் தட்டினார்கள். "ஸ்கங்க் நாத்தத்தோட வந்து உக்காந்தியே, உன் மூக்கு போனது அன்னைக்கே எங்களுக்குத் தெரியும். எங்க மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றேன்னும் அப்புறம் புரிஞ்சுது."

வெர்னன் நின்றார். கைதட்டல் முடியும் வரை நின்றார். அவமானத்தை விட வேறு ஒன்று அவரை அரித்தது. அதைக் கேட்டுவிட்டார்.

"என்னோடது... நல்லா இருந்துச்சா?"

மார்லிஸ் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். "நீதான் தீர்ப்பு சொல்லிட்டியே. கொட்டிட்டியே."

அவர் கிப்பைப் பார்த்தார். புருவம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கிப் சீஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மாதக்கணக்காகப் படித்த முகங்கள், ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை.

வெளிச்சம் மங்கும் முன் வீட்டுக்கு வந்து நிலவறைக்கு இறங்கினார். முதல் பாட்டிலைத் திறந்தார், முகர்ந்தார், குடித்தார். குளிர்ச்சி, இனிப்பு, கசப்பு. அந்த முகங்கள் நடித்தவை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நடித்தவர்கள் எதை மறைத்தார்கள்? நல்லதையா, கெட்டதையா? நல்லது என்றால் அந்த அறையில் ஒரு ஆளாவது சொல்லியிருப்பான் என்று தோன்றியது. அத்தனை பேரா கல்நெஞ்சுக்காரர்கள்? தன்னைப் போன்றவர்கள் அத்தனை பேர் இருக்க முடியாது என்று நினைத்தார். ஆக, பீர்தான் கெட்டது. லவோனின் பெயரைச் சொல்லிச் சாக்கடையைக் காய்ச்சியிருக்கிறோம். ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து தரையிலிருக்கும் வடிகுழியில் கவிழ்த்தார். பெட்டிகள் காலியாகும் வரை கவிழ்த்தார். தண்ணீர் விட்டுக் கழுவக் கூட இல்லை.

காலையில் கதவு தட்டப்பட்டது. கிப் நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"நேத்து நடந்தது..." என்றான். "எனக்கும் ஒரு பழைய கணக்கு இருந்துச்சு வெர்ன். எங்கப்பா செத்த வருஷம் நான் கொண்டாந்தத நீ என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்காது. போகட்டும். ராத்திரியெல்லாம் தூக்கம் வரல." தொப்பியைத் திருப்பினான். "இன்னொண்ணும் கேக்கணும். வெக்கமாத்தான் இருக்கு. அந்தப் பழுப்பு ஏதாவது மிச்சம் இருக்கா? ஈஸ்டருக்கு என் பொண்ணு வர்றா. நேத்து எல்லாரும் தள்ளி வச்சாங்களே, நீ வெளியில போனப்புறம் மார்லிஸ் உள்பட ஒரு கோப்பைல மிச்சம் வைக்கல. அந்த மாதிரி ஒண்ண நான் எங்கயும் குடிச்சதில்ல."

வெர்னன் கதவை விட்டு நகர்ந்தார். நிலவறைக் கதவு திறந்திருந்தது. கிப் உள்ளே இரண்டடி வைத்தவன் அப்படியே நின்றான். தலையை நிமிர்த்தி மூச்சை இழுத்தான்.

"வீடு பூரா வருது," என்றான். பிறகு படியோரம் அடுக்கியிருந்த காலிப் பாட்டில்களைப் பார்த்தான். "என்ன பண்ணின நீ? எல்லாத்தையுமா?"

வெர்னன் கிப்பின் கையைப் பிடித்தார், அவருடைய பிடி வலித்தது.

"என்ன வாசம் வருது கிப்? சொல்லு. பாத்துச் சொல்லு."

கிப் மறுபடி மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான், மூடினான். சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசைதான், அது முகத்தில் தெரிந்தது.

"நல்லா இருக்கு," என்றான். "எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும். வார்த்தையெல்லாம் உன்கிட்டதானே இருந்துச்சு."